துப்பாக்கிச் சாவும் பொதுச் சுகாதாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

நோய் எனப்படுவது யாது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலமும் தனக்கேயுரிய விடையினை அளித்து வந்துள்ளது. தெய்வக் குற்றத்தின் விளைவாகக் கொள்ளப்பட்ட அம்மையும் வாந்திபேதியும் கிருமிகளின் தொழிற்பாடெனப் பிற்காலத்தில் அறியப்பட்டன. பெண்ணின் தலைவிதியெனக் கருதப்பட்ட பிரசவக் காய்ச்சல் வைத்தியரின் கழுவாத கைகளாலேயே பரவுகின்றது என்பதை 1847 இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் காட்டினார். இவ்வாறு விதியும் பழியும் ஆண்டுவந்த எல்லையிலிருந்து பல்வகைச் சாவுகள் ஒவ்வொன்றாக விடுவிக்கப்பெற்று, ஆராய்ச்சிக்கும் தடுப்பு முயற்சிக்கும் உரியனவாக்கப்பட்டமையே பொதுச் சுகாதாரத்தின் வரலாறு எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் இவ்வரிசையிற் சேர்க்கப்பட்டது துப்பாக்கியால் நிகழும் சாவாகும். ஆயின் இச்சேர்க்கை ஏனையவை போன்று நடந்தேறவில்லை. வாந்திபேதியால் இறந்தோரை எண்ணுதலாகாது என எந்த நாட்டுச் சட்டசபையும் கூறியதில்லை. துப்பாக்கியால் இறந்தோர் பற்றிய ஆராய்ச்சியோ ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. 2021 ஆம் ஆண்டில் மாத்திரம் 48,830 பேரைத் துப்பாக்கிக்குப் பலிகொடுத்த அந்நாட்டில் இம்முடக்கம் நிகழ்ந்தவாற்றையும், அதற்கு எதிராக எழுந்த ஆராய்ச்சி நெறியின் தோற்றம் வளர்ச்சிகளையும், அந்நெறி மீது சாட்டப்படுங் குறைகளையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று பேரேடுகள்

துப்பாக்கியால் ஒருவர் இறக்கும்போது அச்சாவு மரபாக மூன்று பேரேடுகளுள் ஒன்றிற் பதியப்பட்டு வந்தது. பிறர் சுட்டு இறந்தால் அது குற்றம்; பொலிசாருக்கும் நீதிமன்றத்திற்கும் உரியது. தன்னைத்தானே சுட்டு இறந்தால் அது உளநோய் அல்லது பாவம். உளவைத்தியருக்கும் சமயகுரவருக்கும் உரியது. கைதவறிச் சுட்டு இறந்தால் அது விபத்து, எவருக்கும் உரியதன்று. மூன்று பேரேடுகளையும் மூன்று தரப்பினர் தனித்தனியே பேணியமையால், மூன்றினும் பொதுவாயமைந்த கருவி எவருடைய கண்ணிலும் பொருட்டாகப் படவில்லை. இவற்றை ஒன்றாக்கி ஒரே பேரேட்டில் எழுதியமையே பொதுச் சுகாதார நோக்கின் முதற் பணியாகும்.

அவ்வாறு எழுதியபோது வெளிப்பட்ட உண்மை, பொதுமக்களின் எண்ணத்திற்கு முற்றிலும் மாறானதாக அமைந்தது. செய்தித்தாள்களும் திரைப்படங்களும் துப்பாக்கிச் சாவு என்றவுடன் கொள்ளைக்காரனையும் தெருச்சண்டையையும் மனக்கண்முன் நிறுத்துவன. உண்மையிலோ அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தம்முயிரைத் தாமே மாய்த்தோராவர். 2021 ஆம் ஆண்டின் சாவுகளுள் 26,000க்கு மேற்பட்டவை இவ்வகையின. குற்றவியல் என்னும் ஒற்றைக் கண்ணாடி கொண்டு நோக்குவோருக்கு இப்பெரும்பகுதி புலப்படுவதில்லை.

நெறியின் மூலங்கள்

இந்நோக்கின் மூலங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காணலாம். 1854 இல் இலண்டன் சோஹோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் இறந்தோரின் இல்லங்களைக் குறித்துப் பார்த்து, அவை புறோட் தெருவின் நீரிறைக்குங் குழாயைச் சூழ்ந்து குவிந்திருப்பதைக் கண்டார். அவரது வற்புறுத்தலின் பேரில் அக்குழாயின் கைபிடி அகற்றப்பட்டது. அவ்வேளை கொள்ளைநோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது என வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் அவர் வகுத்த முறையே இங்கு முக்கியமானது. நோய்க்கிருமி யாதென்பது உலகிற்கு நன்கு புலனானது 1884 இல் கோக் மேற்கொண்ட ஆய்வின் பின்னராகும். அதற்கு முப்பது ஆண்டுகளின் முன்னரே, யார், எங்கே, எப்போது இறந்தனர் என்னும் மூன்று வினாக்களைக் கொண்டு தடுப்பிற்கு வழிகாட்ட ஸ்னோவால் இயன்றது. அவருடைய சமகாலத்தவரான ஜேர்மானிய வைத்தியர் வேர்ச்சோவ், 1848 இல் மேற்சிலேசியாவிற் பரவிய காய்ச்சலை ஆராய்ந்து, அதன் வேர்கள் வறுமையிலும் கல்வியின்மையிலும் ஆட்சிமுறையிலும் ஊன்றியிருந்தமையை எடுத்துக்காட்டினார். எண்ணுதல் ஸ்னோவின் வழியெனின், எண்ணியவற்றின் சமூக வேரைத் தேடுதல் வேர்ச்சோவின் வழியாகும். துப்பாக்கி பற்றிய பிற்கால ஆய்வுகளில் இவ்விரு வழிகளும் சந்திக்கின்றன.

தொற்றுநோய்க்கென வகுக்கப்பட்ட இம்முறை காயங்களுக்கும் பொருந்தும் என்பதை 1949 இல் ஜோன் கோடன் எழுதிய கட்டுரை உணர்த்தியது. விருந்துவழங்கி, நோய்க்காரணி, சூழல் என்னும் மூன்றினதும் இடைத்தொடர்பே நோயை விளைவிக்கின்றது என்பது தொற்றுநோயியலாரின் கொள்கை. விபத்தும் அவ்வாறே விளைகின்றது என அவர் வாதித்தார். பின்னர் வந்தோர், காயத்தின் நோய்க்காரணி உடல் தாங்கவியலாத அளவில் வந்து தாக்குஞ் சக்தியே என்றும், மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் கொசுவைப் போல அதனைச் சுமந்துவரும் காவிகள் என்றும் விளக்கினர்.

இக்கொள்கையை நடைமுறைப்படுத்தியவர் வில்லியம் ஹடன் என்னும் வைத்தியர். 1966 இல் ஐக்கிய அமெரிக்கா வீதிப் பாதுகாப்பிற்கெனத் தனி நிறுவனமொன்றை அமைத்தபோது அதன் முதல் தலைவராக அவர் நியமிக்கப்பட்டார். அதுவரை வீதி விபத்தென்பது சாரதியின் குற்றமாகவே கருதப்பட்டு, கவனமாக ஓட்டுக என்னும் அறிவுரையே பரிகாரமாக வழங்கப்பட்டது. ஹடன் வினாவை மாற்றினார். சாரதி தவறுவான் என்பதை முற்கோளாகக் கொண்டு, அத்தவறு சாவாக முடியாதிருக்கச் செய்வது எங்ஙனம் என அவர் வினவினார். விபத்தின் முன்னும், விபத்தின்போதும், விபத்தின் பின்னும் செய்யத்தக்கவை யாவை எனப் பகுத்தாய்ந்தார். ஆசனப்பட்டி, மோதும்போது உட்குத்தாத சுக்கான், பாதுகாப்பான கண்ணாடி, திருத்தியமைத்த வீதிகள், விரைந்து வரும் நோயாளர் வண்டி முதலியன இவ்வழியாக வந்தவையே. 1966 இல் நூறு மில்லியன் மைல் ஓட்டத்திற்குச் சுமார் 5.5 ஆகவிருந்த மரண வீதம், 2010 களில் 1.1 என்னும் அளவிற்கு வீழ்ந்தது. இதன்பொருட்டு எவருடைய வண்டியும் பறிமுதல் செய்யப்படவில்லை என்பது கருதத்தக்கது.

எண்ணிக்கையின் பதினேழு ஆண்டுகள்

துப்பாக்கி பற்றிய முன்னோடி ஆய்வு வைத்தியத் துறையிலன்றிச் சட்டத்துறையிலேயே தோன்றிற்று. 1968 இல் பிராங்கிளின் சிம்றிங் சிக்காகோப் பொலிசாரின் பதிவேடுகளை ஆராய்ந்து, கத்தித் தாக்குதலையும் துப்பாக்கித் தாக்குதலையும் ஒப்புநோக்கினார். தாக்கியோரின் பின்னணியும் தாக்குதலின் காரணமும் பெரிதும் ஒத்திருந்தும், துப்பாக்கித் தாக்குதல் சாவாக முடியும் வாய்ப்பு கத்தித் தாக்குதலினும் ஏறத்தாழ ஐந்து மடங்காயிருந்தது. கொல்லும் உறுதி கொண்டவன் எக்கருவியாலும் கொல்வான் என்னும் பொதுக்கருத்தை இம்முடிபு அசைத்தது. பல கொலைகள் உறுதியின் பயனல்ல. கைக்கெட்டிய கருவியின் பயன் என்பது இதனால் உணரப்பட்டது.

1979 இல் அந்நாட்டுத் தலைமைச் சுகாதார அதிகாரியாகிய சேர்ஜன் ஜெனரல் யூலியஸ் றிச்மண்ட் வெளியிட்ட அறிக்கை, வன்செயலைத் தேசிய சுகாதாரப் பிரச்சினைகளுள் ஒன்றாக வைத்தெண்ணியது. 1983 இல் அத்லாந்தாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் வன்செயலின் தொற்றுநோயியலை ஆராயவெனத் தனிப்பிரிவு அமைந்தது. 1985 இல் அடுத்த சேர்ஜன் ஜெனரலான எவரெட் கூப் வன்செயலும் பொதுச் சுகாதாரமும் என்னும் பொருள்பற்றி வேர்ஜீனியாவின் லீஸ்பேர்க்கில் ஆய்வரங்கொன்றைக் கூட்டினார். இம்முயற்சிகளின் பின்னணியில் ஒரு கசப்பான உண்மை கிடந்தது. பெரியம்மையையும் இளம்பிள்ளைவாதத்தையும் வென்றுவிட்ட செல்வந்த நாடொன்றில், 15 முதல் 34 வயது வரையான கறுப்பின ஆண்களின் சாவிற்குக் கொலையே முதற் காரணமாகியிருந்தது.

இக்காலத்து ஆய்வுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கன. முதலாவது 1986 இல் ஆதர் கெலர்மன், டொனல்ட் றே ஆகிய வைத்தியர் இருவர் வெளியிட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை, துப்பாக்கி வைத்திருந்த வீட்டினுள்ளேயே அத்துப்பாக்கியால் நிகழ்ந்த 398 சாவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 333 தற்கொலைகள். தற்காப்பிற்காக நிகழ்ந்த கொலை ஒன்றிற்கு, தற்கொலை, குற்றக்கொலை, விபத்து ஆகியவற்றாலான சாவுகள் 43 என்னும் விகிதத்தில் இருந்தன. வீட்டைக் காக்கவென வாங்கிய கருவி வீட்டாரையே பலிகொண்டது.

இரண்டாவது 1988 இல் வெளியானது. எல்லைக்கு இருபுறமும் அமைந்த சியாற்றில், வன்கூவர் என்னும் இரு நகரங்களை அது ஒப்பிட்டது. களவும் கைகலப்பும் இரண்டிலும் ஏறத்தாழ ஒத்திருந்தன. ஆயின் துப்பாக்கிச் சட்டம் தளர்ந்திருந்த சியாற்றிலில் துப்பாக்கியால் தாக்கப்படும் அபாயம் ஏழு மடங்காகவும், கைத்துப்பாக்கியால் கொல்லப்படும் அபாயம் 4.8 மடங்காகவும் இருந்தன. இரு நகரங்களினதும் இனக்குழுச் சேர்க்கை வேறுபட்டதென விமர்சகர் சுட்டினர். அது புறக்கணிக்கத்தக்க கண்டனமன்று.

மூன்றாவது 1993 இல் கெலர்மன் குழுவினர் மூன்று கவுண்டிகளில் நிகழ்த்திய ஆய்வு. வீட்டில் துப்பாக்கி இருத்தல், அவ்வீட்டில் ஒருவர் கொலையுறும் அபாயத்தை 2.7 மடங்காக்குவதோடு தொடர்புற்றிருந்தது என அது கண்டது. அபாயத்தில் வாழ்வோரே துப்பாக்கி வாங்குவர். ஆதலின் காரணம் யாது, காரியம் யாது என்பதை இத்தகைய ஆய்வால் துணியமுடியாது என்னும் எதிர்வாதம் எழுந்தது. விஞ்ஞான உலகில் இத்தகைய எதிர்வாதத்திற்குரிய மறுமொழி மேலும் நுணுக்கமான ஆய்வே. அரசியல் உலகில் வேறொரு மறுமொழி காத்திருந்தது.

முடக்கத்தின் காலம்

1871 இல் நிறுவப்பெற்ற தேசிய றைபிள் சங்கம் அமெரிக்க அரசியலில் பெருஞ் செல்வாக்குடையது. நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆய்வுகள் விஞ்ஞானப் போர்வையில் நடத்தப்படும் பிரசாரமே என அச்சங்கத்தினர் வாதித்தனர். அவர்தம் வாதத்திற்குக் காங்கிரசில் உருவங் கொடுத்தவர் ஆர்கன்சா மாநிலப் பிரதிநிதி ஜே டிக்கி ஆவார். 1996 இல் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டத்தில், காயத் தடுப்பிற்கென நிலையத்திற்கு வழங்கப்படும் பணத்தில் எப்பகுதியும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டினை ஆதரித்தற்கோ ஊக்குவித்தற்கோ பயன்படலாகாது என்னும் வாசகம் சேர்க்கப்பட்டது. அத்துடன், முந்திய ஆண்டில் துப்பாக்கிக் காய ஆய்விற்குச் செலவான 2.6 மில்லியன் டொலர் மூளைக்காய ஆய்விற்கு மாற்றப்பட்டது.

இச்சட்டவாசகம் ஆராய்ச்சியை வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை என்பது ஊன்றி நோக்கற்பாலது. ஆதரித்தல் எங்கு தொடங்குகின்றது, ஆராய்தல் எங்கு முடிகின்றது என்பதனை எவரும் வரையறுக்கவில்லை. அத்தெளிவின்மையே அதன் வலிமையாயிற்று. எந்த முடிபு எவருக்குச் சினமூட்டும், எந்த ஆய்விற்காக நிலையத்தின் முழு வரவுசெலவும் வெட்டுண்ணும் என்னும் அச்சத்தால் அதிகாரிகள் தாமாகவே ஒதுங்கினர். தடை எழுதப்பட்டிருந்தால் அதனை எதிர்த்து வழக்காடியிருக்கலாம். அச்சத்தை எதிர்த்து வழக்காட இயலாது. இத்துறையைத் தொடக்கமுதல் வளர்த்த காயத்தடுப்பு நிலையப் பணிப்பாளர் மார்க் றோசன்பேர்க் 1999 இல் பதவியினின்று நீங்க நேர்ந்தது. பின்னர் இதனையொத்த கட்டுப்பாடு தேசிய சுகாதார நிறுவனங்களுக்கும் விரிக்கப்பட்டது.

ஆய்வு முற்றாக அற்றுப்போயிற்று என்பதற்கில்லை. ஹாவாட்டில் டேவிட் ஹெமன்வேயும், கலிபோர்ணியாவில் கறன் வின்ரமியூற் என்னும் அவசரசிகிச்சை வைத்தியரும் தம் பணியைத் தொடர்ந்தனர். பின்னவர் தம் சொந்தப் பணத்தையே ஆய்விற்குச் செலவிட்டமை பலரும் அறிந்தது. ஆயின் ஒரு துறை வளர்வதற்கு மாணாக்கர் வேண்டும். பட்டம் பெற்றபின் உதவிப்பணமும் பதவியும் கிட்டாத துறையை நாடி எந்த இளம் ஆய்வாளரும் வாரார். 2.6 மில்லியன் டொலரைக் காட்டிலும், தோன்றாமலே போன ஒரு தலைமுறை ஆய்வாளரே இச்சட்டத்தால் விளைந்த பேரிழப்பாகும்.

2012 டிசெம்பரில் கனெக்ரிக்கட் மாநிலத்தின் சான்டி ஹூக் ஆரம்பப் பாடசாலையில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியோரும் சுடப்பட்டு இறந்தனர். அடுத்த மாதமே சனாதிபதி ஒபாமா ஆய்வை மீளத் தொடங்குமாறு பணித்தும் காங்கிரசு பணம் ஒதுக்க மறுத்தது. இதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 2012 யூலையில், வரலாற்றில் அரிதாகவே காணக்கிடைக்கும் நிகழ்ச்சியொன்று நடந்திருந்தது. ஒருகாலத்தில் எதிரிகளாயிருந்த டிக்கியும் றோசன்பேர்க்கும் இணைந்து வாஷிங்டன் போஸ்ற் பத்திரிகையில் கட்டுரையொன்றை எழுதினர். துப்பாக்கி உரிமையைப் பேணிக்கொண்டே சாவைக் குறைக்கும் வழிகளை விஞ்ஞானம் தேடமுடியும் என்றும், அத்தேட்டத்திற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் இருவரும் ஒருமித்துக் கூறினர். டிக்கி 2017 இல் காலமானார். 2019 டிசெம்பரிலேயே 25 மில்லியன் டொலர் இவ்வாய்விற்கென ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், அமெரிக்கச் சிறுவர்க்கும் பதின்வயதினர்க்கும் சாவு விளைக்குங் காரணங்களுள் துப்பாக்கி மோட்டார் வாகனத்தை முந்தி முதலிடத்தை அடைந்தது. ஆராயப்பட்ட கருவியால் நேருஞ் சாவு பல்லாண்டுகளாகக் குறைந்து வந்தது. ஆராயப்படாத கருவியால் நேருஞ் சாவோ அதனை விஞ்சிற்று.

தற்கொலையும் கருவியும்: நம்நாட்டுச் சான்று

பொதுச் சுகாதார நோக்கை மறுப்போரின் முதன்மையான வாதம் மனித எண்ணம் பற்றியது. கிருமிக்கு எண்ணமில்லை, துப்பாக்கி ஏந்தியவனுக்கு உண்டு. ஆதலின் மாற்ற வேண்டியது மனத்தையேயன்றிக் கருவியையன்று. ஒரு கருவி கிடைக்காவிடின் மனிதன் வேறொன்றை நாடுவான் என்பர். தற்கொலை தொடர்பில் இவ்வாதம் இன்னும் வலிமையாக ஒலிக்கும்.

இதனைச் சோதித்தறிய வரலாறே இரு வாய்ப்புகளை அளித்துள்ளது. அவற்றுள் ஒன்று பிரித்தானியாவிற்குரியது. நிலக்கரியினின்றும் பெறப்பட்ட நச்சுத்தன்மையுள்ள சமையல்வாயு, 1960 களிலும் 1970 களிலும் படிப்படியாக நஞ்சற்ற வாயுவால் மாற்றீடு செய்யப்பட்டது. இம்மாற்றம் பொருளாதாரக் காரணங்களுக்காகச் செய்யப்பட்டதேயன்றித் தற்கொலையைத் தடுக்கவன்று. எனினும் இங்கிலாந்திலும் வேல்சிலும் 1963 இல் 5,714 ஆகவிருந்த தற்கொலைகள் 1975 இல் 3,693 ஆகக் குறைந்தன. வாயுவை இழந்தோர் அனைவரும் வேறு வழி தேடினாரல்லர்.

மற்றையது நம்நாட்டிற்குரியது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்திற்கு 47 ஆக, உலகில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. இச்சாவுகளுட் பெரும்பாலானவற்றிற்குக் கமக்காரரின் வீடுகளிற் கிடந்த பீடைநாசினியே ஏதுவாயிற்று. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் பீடைநாசினிகளைப் பதிவுசெய்யவும் கட்டுப்படுத்தவும் அதிகாரம் அளித்திருந்தது. அதன்கீழ் 1984 இல் பரத்தியன் வகைகளும், 1995 இல் உலக சுகாதார நிறுவனம் முதலாம் நச்சு வகுப்பிற் சேர்த்த எஞ்சிய பீடைநாசினிகளும், 1998 இல் என்டோசல்பானும் விலக்கப்பட்டன. 2005 இல் தற்கொலை வீதம் இலட்சத்திற்கு 24 ஆயிற்று. முந்திய பத்தாண்டோடு ஒப்பிடுமிடத்து 1996 முதல் 2005 வரையான பத்தாண்டில் 19,769 சாவுகள் குறைந்தன என 2007 இல் வெளியான ஆய்வு கணித்தது. வேலையின்மை, மதுப்பழக்கம், விவாகரத்து, யுத்தம் என்பவற்றின் ஏற்ற இறக்கங்கள் இவ்வீழ்ச்சிக்குக் காரணமாகத் தோன்றவில்லை என்பதையும் அவ்வாய்வு எடுத்துக்காட்டிற்று.

இவ்விடயத்தை நாம் ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். அப்பத்தாண்டில் இந்நாட்டு மக்களின் துயரங் குறைந்ததென எவரும் கூறார். கடனும் குடும்பப் பிணக்கும் போரும் இடம்பெயர்வும் இருந்தபடியே இருந்தன. துயர் மிக்க கணத்தில் கைக்கெட்டியது முன்போல உயிர்கொல்வதாக இருக்கவில்லை. அக்கணங் கடந்தபின் மனிதர் உயிரோடிருந்தனர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தோருட் பத்தில் ஒன்பது பேர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளின் முடிபு. துப்பாக்கியால் முயல்வோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இறந்துபடுவர் என்பதனை இதனோடு சேர்த்து நோக்குமிடத்து, கருவி என்பது வெறுங்கருவியன்று என்னும் உண்மை தெளிவாகும். அமெரிக்க வீடுகளில் துப்பாக்கியைப் பூட்டிவைக்குமாறும், நெருக்கடிக் காலத்தில் வீட்டினின்றும் அகற்றிவைக்குமாறும் வைத்தியர் வேண்டுவதன் அடிப்படை இதுவே.

பிற களங்கள்

தற்கொலைக்குப் பொருந்துவது கொலைக்கும் பொருந்துமா என்னும் வினாவிற்குக் கொலம்பியாவின் கலி நகரம் ஓரளவு விடை தருகின்றது. தொற்றுநோயியல் கற்ற வைத்தியரான றொட்றிகோ குவெரேரோ 1992 இல் அந்நகரின் மேயரானார். போதைப்பொருட் குழுக்களே கொலைகளுக்கெல்லாங் காரணம் என யாவரும் நம்பியிருந்த நகரில், ஒவ்வொரு கொலையையும் நாள், நேரம், இடம், கருவி என வகுத்துப் பதிவுசெய்யும் முறையை அவர் ஏற்படுத்தினார். கொலைகள் வார இறுதியிலும் சம்பள நாளை அடுத்தும் குவிந்திருந்தமையும், அவற்றோடு மது பிணைந்திருந்தமையும், பெரும்பாலானவை துப்பாக்கியால் நிகழ்ந்தமையும் தெரியவந்தன. அந்நாள்களில் பொதுவிடங்களிற் துப்பாக்கி ஏந்திச் செல்லுதல் தடுக்கப்பட்டது. தடை நிலவிய நாள்களிற் கொலை வீதம் கலியில் நூற்றுக்கு 14 ஆகவும், பின்னர் இதனைப் பின்பற்றிய பொகோட்டாவில் நூற்றுக்கு 13 ஆகவும் குறைந்திருந்ததென 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. மதுக்கடைகளின் நேரமும் உடன் குறைக்கப்பட்டமையால், தடையின் பங்கு இவ்வளவே எனத் துணிதல் கடினம். எனினும் ஒன்று உறுதி: எண்ணிப் பார்க்கும்வரை அந்நகரம் தன் நோயைத் தவறாகவே அறிந்திருந்தது.

சிக்காகோவில், சோமாலியாவின் அகதி முகாம்களில் வாந்திபேதியோடு போராடி மீண்ட கறி சிலற்கின் என்னும் வைத்தியர், வன்செயல் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவது என்னும் கருத்துடன் 2000 ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடக்கினார். ஒருகாலத்தில் தெருக்குழுக்களிற் சேர்ந்திருந்தோரே இடைநின்று பழிவாங்கலைத் தடுத்தல் அதன் வழியாகும். சில நகரங்களில் அது நற்பயன் தந்தது. வேறு சிலவற்றில் தரவில்லை. அவுஸ்திரேலியா 1996 ஏப்பிரிலில் போட் ஆதரில் 35 பேர் கொல்லப்பட்ட பின்னர் சில நாள்களுக்குள் தேசிய உடன்பாடொன்றை எய்தி, ஏறத்தாழ 650,000 துப்பாக்கிகளை விலைகொடுத்து மீளப்பெற்றது. அங்கு துப்பாக்கிச் சாவு அதற்கு முன்னரே குறைந்துகொண்டிருந்தமையால், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதிக்கப்படுகின்றது. இத்தகைய விவாதங்களைப் பலவீனத்தின் அறிகுறியாகக் கொள்ளுதல் தவறு. விவாதிப்பதற்குப் புள்ளிவிபரம் இருத்தலே ஒரு நாட்டின் பேறு.

நெறியின் எல்லைகள்

பொதுச் சுகாதார நோக்கிற்கு எல்லைகள் இல்லாமலில்லை. கொலையை நோயென்றழைத்தல் கொன்றவனின் பொறுப்பை மறைக்குமோ என்பது ஒருசாரார் ஐயம். ஆசனப்பட்டி வந்தபின்னும் மதுவெறியில் வண்டி ஓட்டியவன் தண்டிக்கப்படுகின்றான். நீதிமன்றம் நிகழ்ந்ததற்குப் பொறுப்பாளி யாரென வினவும். சுகாதாரத்துறை இனி நிகழாதிருக்கச் செய்வது எங்ஙனமென வினவும். இரண்டும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

மற்றொரு சாராரின் ஐயம் இதனினும் ஆழமானது. நோய் என்னும் சொல், வறுமையையும் இனப்பாகுபாட்டையும் அரசியலினின்று பிரித்து வைத்தியசாலைக்குள் அடைத்துவிடும் என அவர் அஞ்சுவர். சிக்காகோவின் மேற்குப் பகுதியில் இளைஞர் சாவதும் செல்வர் வாழும் புறநகரில் அவ்வாறு சாவாமையும் கருவியொன்றால் மாத்திரம் விளக்கத்தக்கனவல்ல. இங்கே ஸ்னோவின் வழி நின்று வேர்ச்சோவின் வழியை மறப்போர் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றனர் எனல் வேண்டும். ஆயின் வேர் அறும்வரை கைபிடியை அகற்றாதிருத்தலும் நியாயமாகாது. சமூக மாற்றத்திற்கென உழைப்போர், அது வருமுன் இறக்கக்கூடியவரின் உயிரையும் கணக்கிற் கொள்ளுதல் கடன்.

2024 யூனில் சேர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி துப்பாக்கி வன்செயலைப் பொதுச் சுகாதார நெருக்கடியெனப் பிரகடனஞ் செய்தார். 1979 இல் றிச்மண்ட் தொடக்கிவைத்த பயணம் இவ்விடத்தை எய்த நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஆட்சி மாறிய பின்னர், 2025 மார்ச்சில், அவ்வறிக்கை அரசாங்கத்தின் இணையத்தளத்தினின்று அகற்றப்பட்டது. இதற்கிடையிற் சாவு சிறிது தணிந்தது. 2023 இல் இறந்தோர் தொகை 46,728. இத்தணிவிற்குக் காரணம் யாது, எத்திட்டம் பயன்தந்தது, எது தரவில்லை என்னும் வினாக்களுக்கு விடைகாண ஆய்வாளர் வேண்டும். ஆய்வாளர்க்குப் பதிவேடு வேண்டும். பதிவேட்டைத் திறந்துவைக்க அரசு இசைதல் வேண்டும்.

மேற்கூறியவற்றால், துப்பாக்கிச் சாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கொள்ளுதலின் வரலாறு, ஒரு வைத்தியக் கொள்கையின் வரலாறு மாத்திரமன்று என்பது பெறப்படும். ஒரு சமுதாயம் தன் இறந்தோரை எண்ணவும், அவர்கள் எவ்வாறு இறந்தனர் என வினவவும், கிடைக்கும் விடை எவருக்கு உவப்பற்றதாயினும் அதனை வெளியிடவும் தன் அறிஞர்க்கு இசைவளிக்கின்றதா என்பதே அதன் அடிநாதமான வினாவாகும். இறந்தோரை எண்ணுதலே சச்சரவிற்குரிய செயலாகிவிட்ட நாட்டில் வாழும் நமக்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பீடைநாசினி விடயத்தில் நம்நாட்டு அதிகாரிகளும் வைத்தியரும் எண்ணினர், எண்ணியவாறு செயற்பட்டனர், பல்லாயிரவர் பிழைத்தனர். அவ்வெண்ணிக்கையை எவரும் தடுக்காதிருந்தமையால் அது கைகூடிற்று.